பொன் பூசிய புத்தர்: நேபாளமா, திபெத்தா, சீன அரசவையா?

இமாலயத்திலும் சீனாவிலும் செய்த, பொன்முலாம் பூசிய பழைய பௌத்தத் திருமேனிகளைச் சேகரிக்க விரும்பும் வாசகர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். முதல் நல்ல சிலையை எந்த வகையில் வாங்குவது? நேபாளச் செப்புத் திருமேனியா, திபெத்தியதா, சீனாவின் மிங் வம்ச அரசவை முத்திரை உள்ளதா, அடுத்து ஆண்ட சிங் வம்சக் காலத்துச் சிறிய சிலையா? இல்லை, பழையதே வேண்டாம், நேபாளத்தின் லலித்பூரில் புதிதாகச் செய்யச் சொல்லிவிடலாமா?

என் விருப்பத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலையாகப் பார்த்தால் காத்மாண்டு பள்ளத்தாக்கின் நேவார் கலைஞர்களுக்கு மேல் எனக்கு யாரும் இல்லை. ஆனாலும் முதல் சிலையாக அதை வாங்குங்கள் என்று பெரும்பாலோருக்குச் சொல்ல மாட்டேன். இந்தத் துறையில் அழகுக்கு முன்னால் பார்க்க வேண்டியது காகிதம்.

## எதை வைத்து எடை போடுவது

கைமாறிய வரலாறு. தமிழ் வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. அப்போதும் காகிதங்கள் இருந்தன. அவை போலி என்று தெரிந்து, 2014இல் நடராஜர் திரும்பி வந்தார். ஆகவே விற்பவர் எழுதித் தரும் கடிதம் போதாது. வேறொருவர் சரிபார்க்கக்கூடிய ஆதாரம் வேண்டும்: தேதியிட்ட ஏலப் பட்டியலில் அதே சிலையின் படம், கண்காட்சி நூலில் வந்த படம், சுங்க ரசீது. கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை வந்த 1970ஐத்தான் அருங்காட்சியகங்கள் எல்லைக்கோடாக வைத்திருக்கின்றன. அதற்கு முன்பே சிலை தன் நாட்டை விட்டு வெளியேறியதற்குச் சான்று இருந்தால் நிம்மதி. ‘ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு, 1960கள்’ என்ற ஒற்றை வரி சான்று ஆகாது.

உலோகமும் முலாமும். பழைய முறையில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் குழம்பாக்கி, சிலைமேல் தடவி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். மின்முலாம் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனையில் பாதரசத்தின் சுவடு தெரிந்தால் பழைய முறை என்று சொல்லலாம். பழைய சிலை என்று சொல்லிவிட முடியாது. லலித்பூரில் இந்த முறை இன்றும் வழக்கில் இருக்கிறது.

முழுமை. இந்தத் திருமேனிகள் பெரும்பாலும் உள்ளே கூடானவை. சோழர் செப்புத் திருமேனிகளைக் கையாண்டு பழகியவர்களுக்கு இவற்றின் எடைக் குறைவு முதலில் சந்தேகத்தைத் தரும், ஆனால் அது இயல்புதான். அந்தக் கூட்டுக்குள் மந்திரச் சுருள்கள், தானியம், நறுமண மரம், புனிதச் சின்னங்கள் ஆகியவற்றை வைத்து, அடியைச் செப்புத் தகட்டால் மூடிப் பிரதிஷ்டை செய்வார்கள். திறக்காத அடித்தகடு மதிப்பைக் கூட்டும். திறந்த சிலை குறைந்தது என்றும் இல்லை, சந்தையில் பாதிக்கு மேல் திறந்தவைதான்.

இவற்றோடு போலிகளின் பெருக்கம், நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டம், விற்க நேர்ந்தால் வாங்குவோர் கூட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## நேபாளச் செப்பு

நேவார் சிற்பிகள் கலப்பில்லாத செம்புக்கு அருகான உலோகத்தில் வார்த்தார்கள். செம்பு வார்ப்புக்கு எளிதான உலோகம் இல்லை. உருகினாலும் பித்தளை மாதிரி மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பாது. ஆனால் பாதரச முலாமைச் செம்பு ஏற்பதுபோல மற்றவை ஏற்பதில்லை, ஈயம் கலந்த உலோகத்தில் முலாம் திட்டுத்திட்டாகிவிடும். அந்தச் சிரமத்தை ஏற்றதால்தான் அவர்கள் சிலைகளின் தங்கத்தில் ஒரு சிவந்த வெதுவெதுப்பு இருக்கிறது. முலாம் தேய்ந்த இடத்தில் செம்பு எட்டிப் பார்க்கும்போது அழகு குறைவதேயில்லை.

இன்னொரு அடையாளம் முகம். பள்ளத்தாக்கில் சிலைகளைத் தொட்டு வணங்குவார்கள், குங்குமம் சாத்துவார்கள். பல தலைமுறைக் கைகள் பட்டு மூக்கும் நெற்றியும் மழுங்கியிருக்கும், ஆபரண இடுக்குகளில் சிவப்பு படிந்திருக்கும். மாலை, கிரீடம், காதணிகளில் கல் பதித்திருப்பார்கள். பீடத்தின் பின்பக்கம் முலாம் இல்லாமல் விட்டிருப்பதும் சாதாரணம். தேய்மானம் கை படும் மேடான இடங்களில் மட்டும் இருக்க வேண்டும். மடிப்புக்குள்ளும் கழுத்துக்குப் பின்னாலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது யாரோ செயற்கையாகத் தேய்த்தது.

இனி சிக்கல். மேலே சொன்ன அடையாளங்கள் எல்லாம் ‘இது வழிபாட்டில் இருந்தது’ என்பதற்கும் சாட்சி. 1960களுக்குப் பிறகு பள்ளத்தாக்கின் விகாரங்களிலிருந்தும் தெருச் சன்னதிகளிலிருந்தும் ஏராளமாகத் திருடப்பட்டன. லலித்பூரில் 1984இல் திருடுபோன லட்சுமி நாராயணர் சிலை பல ஆண்டுகள் அமெரிக்காவின் டாலஸ் கலை அருங்காட்சியகத்தில் இருந்து, 2021இல்தான் நேபாளம் திரும்பியது. அது கல்சிலை. கல்லையே பெயர்த்தெடுத்துக் கடல் கடத்தியவர்களுக்கு ஒரு முழம் உயரச் செப்புச் சிலை எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள். தன் தெய்வம் காணாமல் போனதை நினைவில் வைத்திருக்கும் தெருக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நூறாண்டு கடந்த கலைப்பொருளை வெளியே கொண்டுபோக நேபாளம் 1956ஆம் ஆண்டுச் சட்டம் வழியாகத் தடை விதித்திருக்கிறது. காத்மாண்டு கடைக்காரர் ஒருவர் ‘பழசுதான், நான் பார்த்து அனுப்பிவைக்கிறேன்’ என்றால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

யாருக்குப் பொருந்தும்: 1970க்கு முந்தைய சான்று உள்ள ஒரே ஒரு சிலைக்காகப் பல வருடம் காத்திருக்கத் தயாராக இருப்பவருக்கு.

## திபெத்தியத் திருமேனிகள்

திபெத் என்று தனியாகப் பிரிப்பதே சில சமயம் கஷ்டம். நேவார் கலைஞர்கள் திபெத்தில் தலைமுறைகளாக வேலை செய்தார்கள். அவர்களில் புகழ்பெற்ற அரனிகோ 1260இல் எண்பது கலைஞர்களோடு திபெத் போய், அங்கிருந்து குப்லாய் கானின் அரசவைக்கும் சென்றார். பெய்ஜிங்கில் இன்றும் நிற்கும் வெள்ளைத் தூபி அவர் கட்டியது. ஆகவே ‘நேபாளம் அல்லது திபெத், 14ஆம் நூற்றாண்டு’ என்று பட்டியலில் போட்டிருந்தால் அதை நேர்மையான குறிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். விலைக்காக ஒன்றை அடித்துச் சொல்பவரிடம்தான் காரணம் கேட்க வேண்டும்.

திபெத்தில் சிலைகள் பீடத்தில் உயரமாக இருக்கும், கை அவ்வளவாகப் படாது. அதனால் முலாம் நன்றாக நிற்கும், வெண்ணெய் விளக்கின் புகை மட்டும் ஏறியிருக்கும். முகத்தில் தங்கப் பொடியைக் குழைத்துப் பூசி, கண்ணும் உதடும் வரைந்து, தலைமுடிக்கு நீலம் தீட்டியிருப்பார்கள். புண்ணியமாகக் கருதி மறுபடி மறுபடி பொன் பூசுவதும் அவர்கள் வழக்கம். அதனால் மேற்பூச்சு புதிதாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் போலி என்று ஒதுக்க வேண்டாம். அந்தப் பூச்சை ‘சுத்தம்’ செய்து எடுத்துவிட்ட சிலைகளைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். வாழ்ந்த முகத்தைச் சுரண்டிவிட்டார்கள்.

காகித விஷயத்தில் திபெத்தின் நிலை வேறு. 1959 திபெத் கிளர்ச்சிக்குப் பிறகு அகதிகளாக வந்த குடும்பங்கள் பிழைப்புக்காகத் தங்கள் வீட்டுச் சிலைகளை இந்தியாவிலும் நேபாளத்திலும் விற்றன. அது துயரமான விற்பனை, ஆனால் உரியவரே செய்தது. சீனாவின் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் மடங்கள் இடிக்கப்பட்டு, சிலைகள் உலோகத்துக்காக லாரி லாரியாகப் போனது வேறு கதை. லாசாவின் ராமோச்சே கோயில் மூலவரையே இரண்டாக அறுத்துவிட்டார்கள். ஒரு பாதி லாசாவிலும் மறு பாதி பெய்ஜிங்கிலும் கிடைத்து, 1980களில் ஒன்றுசேர்ந்தன. சந்தையில் நிறைய அடிபடும் பெயர் டென்சாட்டில். அந்த மடத்தின் பிரம்மாண்டமான பொன்தூபிகள் உடைக்கப்பட்டு, அவற்றிலிருந்த தேவ உருவங்களும் அடுக்குப் பலகைகளும் சிதறின. அபாரமான வேலைப்பாடு அது. ஆனால் டென்சாட்டில் என்று உறுதியாகச் சொல்லப்படும் துண்டு, எப்போது எப்படி வெளியே வந்தது என்ற கேள்வியையும் கூடவே கொண்டுவருகிறது.

யாருக்குப் பொருந்தும்: நேபாளக் கைவண்ணத்தை விரும்பி, அதைவிடக் கொஞ்சம் தெளிவான கைமாறிய வரலாற்றைத் தேடுபவருக்கு. 1960களின் விற்பனை ரசீதோ அந்தக்காலப் புகைப்படமோ கிடைக்க இங்கே வாய்ப்பு அதிகம்.

## மிங் அரசவை முத்திரை

யொங்லே பேரரசர் (1403–1424) திபெத்திய குருமார்களோடு நெருங்கிய உறவு வைத்திருந்தார். திபெத்திய மரபுத் தலைவர்களில் ஒருவரான ஐந்தாம் கர்மபா 1407இல் தலைநகர் நான்ஜிங் வந்தபோது பேரரசர் பெரும் மரியாதை செய்தார். அப்படிப்பட்ட குருமார்களுக்கும் மடங்களுக்கும் பரிசாக அரண்மனைப் பட்டறையில் செய்தவைதான் இந்தச் சிலைகள். பீடத்தின் முன்விளிம்பில் ஆறு எழுத்துகளில் முத்திரை இருக்கும். அக்காலச் சீன வழக்கத்துக்கு மாறாக இடமிருந்து வலமாக எழுதியிருப்பார்கள், பெறுபவர் திபெத்தியர் என்பதால். மெல்லிய தாமரை இதழ்கள் பீடத்தைச் சுற்றி முழுவதும் ஓடும், இதழ் நுனி சுருண்டிருக்கும், மேலும் கீழும் மணிவரிசை. பின்பக்கமும் முன்பக்கம் போலவே முடித்திருக்கும். சுவாந்தே பேரரசர் (1426–1435) காலத்தவையும் இதே குடும்பம்.

விலை? ஹாங்காங்கில் 2006இல் ஒரு யொங்லே சாக்கியமுனி 11 கோடியே 66 லட்சம் ஹாங்காங் டாலருக்கும், 2013இல் இன்னொன்று 23 கோடியே 64 லட்சம் ஹாங்காங் டாலருக்கும் போயின. கைக்கு அடக்கமான சிறிய முத்திரைச் சிலைகூட நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாது. எட்டும் விலையில் ‘யொங்லே முத்திரை’ வந்தால் அதுவே எச்சரிக்கை. பிற்காலத்தில் சேர்த்த முத்திரைகள், பழைய சிலையில் புதிதாகப் பொறித்த எழுத்துகள், அடியோடு புதிய வார்ப்பு எல்லாமே சந்தையில் உண்டு. எழுத்தை விட்டுவிட்டு இதழையும் விரல்களையும் பாருங்கள். அரண்மனைப் பட்டறையின் விரல்களில் உயிர் இருக்கும்.

முத்திரை இல்லாத 15, 16ஆம் நூற்றாண்டுச் சிலைகளில் இதே பாணியை நல்ல தரத்தில் பார்க்கலாம், விலை பல மடங்கு குறைவு. முத்திரைக்குப் பணம் கொடுப்பது முதலீட்டாளர் வேலை, சிலைக்குப் பணம் கொடுப்பது சேகரிப்பவர் வேலை என்பது என் கட்சி. ஒரு கவனம்: பிற்கால மிங் சிலைகள் பலவற்றில் பாதரச முலாம் இருக்காது, அரக்குப் பூச்சின்மேல் தங்கத்தாள் ஒட்டியிருக்கும். அது போலி இல்லை, வேறு முறை. அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்: பெரும் பணமும் தேர்ந்த ஆலோசகரும் உள்ளவருக்கு. மற்றவர்கள் முத்திரை இல்லாததைப் பார்க்கலாம்.

## சிங் காலமும் மங்கோலியாவும்

என்னைக் கேட்டால், முதல் சிலைக்கு இங்கேதான் தேட வேண்டும். காங்சி பேரரசரின் காலச் (1662–1722) சிலைகள் செழிப்பானவை, விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. சியன்லோங் பேரரசர் (1736–1795) தன் குருவான ரோல்பை டோர்ஜேயின் வழிகாட்டலில் நூற்றுக்கணக்கான தேவ உருவங்களைத் தொகுதி தொகுதியாகச் செய்வித்தார். பீடத்தில் காலமுத்திரையோடு தெய்வத்தின் பெயரும் எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதும் எழுதியிருக்கும். தொகுதியாகச் செய்ததால் முகங்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு, உச்சமான கலை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சிலை கிடையாது. உங்களிடம் இருப்பதை அருங்காட்சியகங்களில் உள்ள அதே தொகுதிச் சிலைகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். எண்ணிக்கை அதிகம் என்பதால் நூறாண்டுக்கு முன்பே ஐரோப்பாவுக்கு வந்தவையும், பழைய ஏலப் பட்டியலில் படத்தோடு உள்ளவையும் கிடைக்கின்றன. அப்படி வந்ததில் 1900இல் அந்நியப் படைகள் பெய்ஜிங்கைச் சூறையாடியதும் அடக்கம். சீனாவில் இது ஆறாத புண். அரண்மனையிலிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்லப்படும் சிலையை வாங்குபவர் இதையும் தெரிந்தே வாங்க வேண்டும்.

உள்மங்கோலியாவின் டோலோன்னோரில் தகடு தட்டி, பகுதி பகுதியாகச் செய்து இணைத்த பெரிய சிலைகள் இன்னொரு கிளை. வீட்டில் வைக்கப் பெரிய உருவம் வேண்டுமென்றால் நல்ல தேர்வு, இணைப்புகள் மட்டும் பழையவையா என்று பாருங்கள். மங்கோலியத் துறவியும் சிற்பியுமான ஜானபஜாரின் (1635–1723) பெயரை விற்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அவருடைய சிலைகளை உலான்பாட்டர் அருங்காட்சியகத்தில் பார்க்க வேண்டும், அவர் பாணியைப் பின்பற்றியவர்களின் சிலைகளை வாங்கலாம். அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கேட்டால் வேண்டாம்.

## வேய் முதல் தாங் வரை

வேயும் தாங்கும் மிங்குக்கு மிக முந்தைய சீன வம்சங்கள். அக்காலத்தவை விரலளவு, சாண் அளவிலான சின்னச் சிலைகள். தேதி பொறித்த சீன புத்தர்களில் மிகப் பழையது, கி.பி. 338ஐச் சேர்ந்தது, சான் பிரான்சிஸ்கோவின் ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்கத் தெவிட்டாது. வாங்குவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. இவை பெரும்பாலும் மண்ணிலிருந்து எடுத்தவை, தாங் காலம் முடியும் வரையிலான சீனத் தொல்பொருள்களின் இறக்குமதியை அமெரிக்கா 2009 முதல் கட்டுப்படுத்துகிறது. போலியும் நூறாண்டுக்கு மேலாக உற்பத்தியாகிறது.

## லலித்பூரில் புதிதாக

ஓக்கு பஹால் பகுதியில் சாக்கியக் குடும்பங்கள் இன்றும் மெழுகு வார்ப்பில் செய்கின்றன. உலகெங்கும் உள்ள திபெத்திய மடங்கள் அங்கேதான் சிலை சொல்லிவைக்கின்றன. பழம்பொருள் மதிப்பு இதில் இல்லை, விற்றால் போட்ட பணம் திரும்பும் என்று எண்ணக்கூடாது. ஆனால் திருட்டுப் பயம் இல்லை, கைவினைஞருக்கே பணம் போகிறது. வழிபடத்தான் சிலை வேண்டும் என்பவருக்கு இதைவிட நல்லதாக நான் எதையும் சொல்ல முடியாது. பாதரச முலாமா மின்முலாமா, முகத்தை யார் வரைவார் என்பதை முன்பே பேசி எழுதி வாங்குங்கள். பழம்பொருள் இல்லை என்று நேபாளத் தொல்லியல் துறையின் சான்றும் கட்டாயம் வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வகை | காகிதம் கிடைக்க வாய்ப்பு | போலி அபாயம் | மறுவிற்பனை |
|---|---|---|---|
| நேபாளச் செப்பு | குறைவு | அதிகம் | சான்று இருந்தால் மிக நன்று, இல்லாவிட்டால் கடினம் |
| திபெத் | நடுத்தரம் | நடுத்தரம் | நன்று |
| மிங், முத்திரையோடு | உயர்ந்த ஏலங்களில் நன்று | மிக அதிகம் | மிக நன்று |
| மிங், முத்திரை இல்லாமல் | நடுத்தரம் | நடுத்தரம் | நன்று |
| சிங், மங்கோலியா | நன்று | நடுத்தரம் | நன்று |
| வேய் முதல் தாங் வரை | மிகக் குறைவு | மிக அதிகம் | நாட்டைப் பொறுத்தது |
| புதிய லலித்பூர் | தேவையான சான்று எளிது | இல்லை | குறைவு |

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

ஏலத்தில் சுத்தியல் விழும் தொகை கடைசித் தொகை ஆகாது. பெரிய ஏலக் கம்பெனிகளின் கட்டணம் ஏறக்குறைய கால் பங்கு மேலே சேரும். பிறகு அனுப்பும் செலவு, காப்பீடு, இறக்குமதி வரி. நூறாண்டு கடந்த பழம்பொருளுக்குப் பிரிட்டன் 5 சதவீத இறக்குமதி வரி வாங்குகிறது, சிங்கப்பூரில் 9 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் புதிய விதி நடைமுறையில் இருக்கிறது. வெளியே இருந்து கொண்டுவரும் 250 ஆண்டு கடந்த தொல்பொருளுக்கு உரிமம் வேண்டும். 200 ஆண்டு கடந்த, 18,000 யூரோவும் அதற்கு மேலும் மதிப்புள்ள மற்றக் கலைப்பொருள்களுக்கு, சட்டப்படி வெளியேறியவை என்று இறக்குமதியாளரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். பாரிசிலும் பெர்லினிலும் இருப்பவர்கள் அந்தக் கையெழுத்துக்குத் தாங்களே பொறுப்பு என்பதை மறக்க வேண்டாம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு 1972ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டம் இருக்கிறது. நூறாண்டு கடந்த உலோகச் சிற்பத்தைப் பதிவு செய்ய வேண்டும், தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. சட்டத்தின் வரையறை எங்கே செய்த சிலை என்று பார்ப்பதில்லை. ஆகவே ஹாங்காங்கில் வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தால், பிறகு ஹாங்காங் ஏலத்துக்குத் திருப்பி அனுப்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கொண்டுவரும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

சோதனைக்கும் ஒரு வரிசை உண்டு. சிலைக்குள் வார்ப்புக் களிமண் மிச்சம் இருந்தால், அது கடைசியாகச் சூடேறிய காலத்தை வெப்ப ஒளிர்வுச் சோதனை காட்டும். ஆனால் அதற்குமுன் எக்ஸ்-கதிர் படம் எடுத்துவிட்டால் அந்தக் கதிர்வீச்சே கணக்கைக் கெடுத்துவிடும். முதலில் மண் மாதிரி, அப்புறம் படம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு விஷயம்: புளியோ விளக்கு துலக்கும் பொடியோ பக்கத்தில் வரவே கூடாது, அபிஷேகமும் வேண்டாம். முலாம் மெல்லியது. அமிலமும் ஈரமும் அதன் நுண்துளைகள் வழியே செம்பைப் பிடித்தால் பச்சைப் பூப்பாகக் கிளம்பும், கடலோரக் காற்றில் இன்னும் வேகமாக. மென்மையான காய்ந்த தூரிகை போதும்.

## விற்பவரிடம் என்ன கேட்பது

எந்த வகையைத் தேர்ந்தாலும் கேள்விகள் இவைதான். 1970க்கு முன் இது எங்கே இருந்தது, அதற்கு உங்கள் கடிதம் தவிர என்ன ஆதாரம்? அடித்தகடு எப்போது திறந்தது, யார் திறந்தது? முலாமில் எந்தப் பகுதி பிற்காலத்தது? திருடுபோன கலைப்பொருள் பதிவேட்டில் தேடிய சான்று உண்டா? பிற்பாடு உரிமைச் சிக்கல் எழுந்தால் முழுப் பணமும் தருவதாக ரசீதில் எழுதுவீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்குகிற கடையில் யொங்லே சிலையே இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.